பள்ளக்காட்டு ஏற்றம்

கூட்டுப்பாறையில் ஒரு விளைகாடு யாருடையது என்று பத்திரம் சொல்லாது. தோள்தான் சொல்லும். மலைமேல் இருக்கும் வாழவந்தி நாட்டின் மற்ற ஊர்களில் எப்படியோ, இந்த இருபத்திரண்டு வீட்டுக்காரர்களுக்கும் அதுதான் சட்டம். கார்த்திகையில் சாமை அறுத்ததும் முதல் கதிர்க்கட்டைக் காட்டுக்காரன் தன் தோளில் சுமந்து வந்து ஊர்க்களத்தில் போட வேண்டும். வழியில் கட்டு மண்ணைத் தொடக் கூடாது. போட்டதும் ஊர்க்கவுண்டர் களத்துக் கல்லின்மேல் நின்று காட்டின் பேரையும் தோளின் பேரையும் உரக்கக் கூப்பிடுவார். "மேலக்காடு, அர்த்தனாரி தோளு" என்று கூப்பிட்டுவிட்டால் அடுத்த அறுப்பு வரைக்கும் மேலக்காடு அர்த்தனாரியுடையது, ஒருவரும் வாய் திறக்க முடியாது. மூன்று அறுப்புத் தொடர்ந்து ஒரு காட்டுக்குத் தோள் கூப்பிடாமல் போனால், அது பங்காளி கைக்குப் போய்விடும்.

பள்ளக்காட்டுக்கு இரண்டு அறுப்பாகத் தோள் கூப்பிடவில்லை. இரண்டாயிரத்தொன்றாம் வருஷம் மூன்றாவது.

கட்டு வராமல் இல்லை. வந்தது. பொன்னம்மாள் சுமந்து வந்தாள். பள்ளக்காடு ஊருக்குக் கீழே, ஓடைக்கரையில் கிடக்கிறது. அங்கிருந்து ஏறி வருவதென்றால் ஆடே இரண்டு இடத்தில் நின்று யோசிக்கும். அந்த ஏற்றத்தை இரண்டு வருஷமும் தலையில் கட்டோடு ஏறி, களத்தில் போட்டுவிட்டு, கழுத்து நரம்பு துடிக்க நின்றாள் அவள். ஊர்க்கவுண்டர் சின்னுசாமி மழை வருமா என்று பார்ப்பவர்போல் மேலே பார்த்தார்.

"பொம்பள சொமந்தது கணக்குல வராது கண்ணு. ஆத்தா வெச்ச சட்டம். நானா வெச்சேன்?"

ஊர்த்தெய்வம் கல்லாத்தா இதை எப்போது வைத்தாள், வைத்தபோது பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று கேட்கலாம். கேட்டால் சின்னுசாமியிடம்தான் கேட்க வேண்டும். பள்ளக்காடு கைமாறினால் போய்ச் சேரும் பங்காளியும், பொன்னம்மாளின் புருஷனுக்கு அண்ணன் முறையான அதே சின்னுசாமிதான். வேலிக்கு ஓணான் சாட்சி என்று சும்மாவா சொன்னார்கள்.

பொன்னம்மாளின் புருஷன் காளியண்ணனுக்கு நாற்பத்தொரு வயது. தொண்ணூற்றொன்பதாம் வருஷம் தை மாதம், சவுக்கு மரத்தில் ஏறி மிளகு பறிக்கும்போது கொடியோடு விழுந்தான். வலது முழங்காலுக்குப் போட்ட மாவுக்கட்டைப் பிரித்தபோது கால் விறகுக்கட்டை மாதிரி நீட்டிக்கொண்டு நின்றது. அதற்குப் பிறகு அது மடங்கவே இல்லை. வீட்டைச் சுற்றி நடப்பான். சமதரையில் கோலூன்றி அரைமைல் போவான். பள்ளக்காட்டு ஏற்றம் மட்டும் முடியாது. மடங்காத காலை வைத்துக்கொண்டு மேடு ஏற முடியாது என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும்.

இந்தச் சமயத்தில்தான் வண்டி வந்தது. பொன்னம்மாளின் தம்பி குழந்தைசாமி மலைக்குக் கீழே சேந்தமங்கலத்துப் பக்கம் ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலையில் வேலை பார்க்கிறான். அவன் பெட்ரோல் கம்மியாகக் குடிக்கிற புது நாலு ஸ்ட்ரோக் வண்டி எடுத்ததும், பழைய ஆர்எக்ஸ் மோட்டார் சைக்கிளை அக்காள் வீட்டுக்குத் தள்ளிவிட்டான்.

காளியண்ணன் வண்டியை மூன்று நாள் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தான். நான்காம் நாள் காலையில் களியை உருட்டிக்கொண்டே சொன்னான்.

"ஏம்புள்ள, இந்த அறுப்புக்கு நானே கட்டக் கொண்டாறேன்."

"எப்படிங்க? பறந்தா?"

"வண்டியில. கட்டு என்ற தோள்ல. நான் வண்டி மேல."

பொன்னம்மாள் கீரைக் கடைசலை அவன் தட்டில் ஊற்றினாள். சிரிப்பு வந்தது. ஆனால் அவன் முகத்தைப் பார்த்ததும் சிரிக்கத் தோன்றவில்லை. இரண்டரை வருஷமாக அந்த முகத்தில் அவள் பார்க்காத ஒன்று அன்றைக்கு இருந்தது.

வேலை ஆரம்பித்தது. வண்டியின் பின் பிரேக் வலது காலில். அந்தக் கால் ஆகாது என்பதால், ஒரு மொபெட்டின் பிரேக் கம்பியை இழுத்துவந்து இடது கைப்பிடியில் கிளச்சுக்குப் பக்கத்திலேயே கட்டினான். வலது கால் வைக்கும் கட்டையை அறுத்து, நீட்டிய கால் போய் உட்காரும்படி முன்னால் தள்ளி வெல்டு வைத்துக்கொண்டு வந்தான். சைலன்சர் பாறையில் இடிக்காமல் இருக்க அதை மேலே தூக்கி சீட்டுக்குப் பக்கமாக ஓடவிட்டான். ஒன்றே ஒன்றுக்குத்தான் வழியில்லை. வண்டியை உதைத்துக் கிளப்பும் கம்பியும் வலது பக்கம்தான் இருக்கிறது.

"அத நான் ஒதைக்கறேன்" என்றாள் பொன்னம்மாள். "உங்களைத்தான் ஒதைக்க முடியல. வண்டியயாவது ஒதைக்கறேன்."

பிறகுதான் காளியண்ணன் தப்புச் செய்தான். மலைக்காரன் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. சேந்தமங்கலத்தில் தனசேகரன் என்று ஒரு மெக்கானிக். சுற்றுவட்டாரத்து இளவட்டங்கள் பந்தயத்துக்கு வண்டி தயார் செய்வது அவனிடம்தான். காளியண்ணன் வண்டியோடு அவனிடம் போய், "வேகம் ஏத்திக் குடுங்க தம்பி" என்று கேட்டான். மேடு ஏற வேகம் வேண்டும் என்று நினைத்திருக்கிறான், பாவம். கேட்டதைக் கொடுத்தான் தனசேகரன். எஞ்சின் பிளாக்கைக் கழற்றி வைத்துவிட்டு, புகை போகும் வழியை அரத்தால் ராவி அகலமாக்கிய வேறு பிளாக்கை மாட்டினான். கார்புரேட்டரில் பெட்ரோல் அதிகம் பாயும் பெரிய ஜெட் போட்டான். நாமக்கல் ரோட்டில் வண்டி அம்பாகப் பாய்ந்தது.

வண்டியை லாரியில் ஏற்றி மலைக்குக் கொண்டுவந்து பள்ளக்காட்டு ஏற்றத்தில் விட்டபோது ஊரே வேடிக்கை பார்க்க வந்துவிட்டது. பாதியில் கல்லாத்தா கோயில். கோயில் என்றால் நட்டு வைத்த கல்லும் இரண்டு பக்கமும் இரண்டு நாவல் மரமும்தான். மரத்துக்கு மரம் நாற்பது அடி சமதரை. அந்த நாற்பது அடிக்குள் செருப்பு கூடாது, சத்தம் கூடாது. கொட்டுக்காரனே கொட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டுதான் நடப்பான். எனவே முதல் மரத்தில் எஞ்சினை அணைத்தாக வேண்டும், இரண்டாவது மரத்தில்தான் கிளப்பலாம். அந்த இரண்டாவது மரத்தடியில்தான் ஏற்றத்திலேயே செங்குத்தான இடம் தொடங்குகிறது.

கிளப்பினார்கள். வண்டி கூவியது. காது கிழியக் கூவியது, கன்னங்கரேலென்று புகை கக்கியது. ஒரு முழம்கூட ஏறவில்லை. நின்று போனது. மூன்று தடவை அப்படி. நான்காவது தடவை காளியண்ணன் வண்டியோடு சாய்ந்தான்.

மேலே நின்ற சின்னுசாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். அந்த உதறலே போதுமாக இருந்தது.

அன்றைக்கு வீட்டில் ஒருவரும் சரியாகச் சாப்பிடவில்லை. காளியண்ணன் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான்.

"உட்ரு புள்ள. அண்ணன்கிட்ட குடுத்துட்டு நாம மரவள்ளிக் காட்டோட இருந்துக்கலாம்."

பொன்னம்மாளுக்கு வந்ததே கோபம். "ரெண்டு வருசம் என்ற கழுத்து ஒடிஞ்சது எதுக்குங்க? அவரு வரப்பு நீளறதுக்கா? நீங்க சுவத்தயே பாத்துட்டு இருங்க. நான் போய்ட்டு வாரேன்."

விடிந்ததும் ஒரு தார் மலைவாழைப் பழத்தைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு கிளம்பினாள். எழுபது வளைவும் இறங்குவதற்குள் பின்சீட்டுக்காரர்கள் இரண்டு பேர் வாந்தி எடுத்தார்கள். அவள் கம்பியைப் பிடித்தபடி, என்ன கேட்பது என்று மனசுக்குள் அடுக்கிக்கொண்டே வந்தாள்.

தனசேகரன் பட்டறையில் குனிந்து எதையோ முடுக்கிக்கொண்டிருந்தான். முப்பது வயது இருக்கும். நிமிர்ந்தான்.

"ஏனுங்கக்கா?"

"கூட்டுப்பாறை காளியண்ணன் ஊட்டுக்காரி. எங்க பழைய பிளாக்கு வேணும்."

"அந்தப் பிளாக்கா? அக்கா, புதுசு போட்டுக் குடுத்திருக்கறனே. அதுக்கு ஆளுக வரிசையில நிக்கறாங்க."

"வரிசையில நிக்கறவங்களுக்கே குடுங்க. எங்களுக்குப் பறக்க வேண்டாமுங்க. ஏறோணும்."

அவன் அப்போதுதான் ஸ்பேனரைக் கீழே வைத்தான். "என்ன ஏறோணும்?"

அவள் சொன்னாள். ஏற்றம், கோயில், நாற்பது அடி, இரண்டாவது மரம், ஓடிவந்து ஏற முடியாதது, நின்ற இடத்திலிருந்தே ஏற வேண்டியது, தோளில் கட்டு, மடங்காத கால். தனசேகரன் கேட்கக் கேட்கத் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"அடக்கடவுளே. அண்ணன் இதுல ஒண்ணுகூடச் சொல்லலீங்களே. வேகம் வேகம்னே நின்னாரு. நான் போட்டுக் குடுத்த பிளாக்கு எஞ்சின் உச்சத்துல ஓடும்போதுதான் இழுக்கும். நின்ன எடத்துல அதுக்கு உசுரே இருக்காது. நீங்க கேக்கறது குதிரை இல்லீங்க்கா, எருமை."

"எருமையே குடுங்க."

அவன் சிரித்துவிட்டான். உள்ளே போய்ப் பழைய பிளாக்கைத் தேடி எடுத்துவந்து மண்ணெண்ணெயில் கழுவினான். வேறொரு வண்டியிலிருந்து கழற்றிய பெரிய பல்சக்கரம் ஒன்றையும் எடுத்து வைத்தான். "இதப் பின்சக்கரத்துல மாட்டச் சொல்லுங்க. பல்லு ஜாஸ்தி. வேகம் பாதியாப் போயிரும், இழுவை ஏறிரும். செயின்ல நாலு கண்ணி சேத்தோணும்." பிறகு நெல்மணி அளவுக்கு நாலைந்து பித்தளை ஜெட்டுகளைக் காகிதத்தில் மடித்தான்.

"இது எதுக்கு?"

"மேல காத்து எளசுங்க்கா. இங்க குடிக்கற பெட்ரோலையே அங்கயும் குடிச்சா வண்டிக்குச் செமிக்காது. அதான் கறுப்பாக் கக்கிருக்குது. துளை சின்னதா இருக்கற ஜெட்டா ஒண்ணொண்ணாப் போட்டுப் பாருங்க. ஓட்டிட்டு வந்ததும் பிளக்கக் கழட்டிப் பாக்கோணும். கரி புடிச்சிருந்தா பெட்ரோல் ஜாஸ்தி. சுண்ணாம்பாட்டம் வெளுத்திருந்தா கம்மி, அப்பிடியே ஓட்டுனா பிஸ்டன் புடிச்சுக்கும். நடுவால ஒரு காப்பி நெறம் வரோணும்."

"வறுத்த ராகியாட்டமா?"

தனசேகரன் யோசித்தான். "நல்லா வறுத்ததாட்டம்."

"அது எனக்குத் தெரியும்" என்றாள் பொன்னம்மாள். வாழைத்தாரை அவன் பட்டறை ஆணியில் மாட்டிவிட்டு நான்கு மணி பஸ்ஸைப் பிடித்தாள்.

ஐப்பசி முழுக்கத் தூறல். ஓலைச் சார்ப்பின் கீழே வண்டியைப் பிரித்துப் போட்டுக்கொண்டு இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். வீடு முழுக்க மண்ணெண்ணெய் வாசம். சாமைச் சோற்றிலும் அதே வாசம். பிளாக்கின் அடியில் வைக்கும் அட்டை கிழிந்துபோயிருக்க, குழந்தைசாமியின் கல்யாணப் பத்திரிகையை வைத்துக் கோடு போட்டு அவளே வெட்டிக் கொடுத்தாள். மணமக்கள் பேர் எஞ்சினுக்கு அடியில் போய்ச் சேர்ந்தது. பின் டயரில் பாதிக் காற்றை இறக்கினான் காளியண்ணன். காற்று குறைந்த டயர் பாறையைக் கவ்விக்கொள்ளும் என்று மூன்றாவது நாள் கண்டுபிடித்தான்.

ஜெட் மாற்றுவதும் ஓட்டுவதும் பிளக்கைக் கழற்றுவதுமாக நாட்கள் போயின. கழற்றிய பிளக்கைப் பொன்னம்மாள் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள்.

"கருகிருக்குது. அடுத்தத போடுங்க."

"இப்ப?"

"பாதி வறுபட்டிருக்குது. இன்னொரு தடவ ஓட்டிட்டு வாங்க." அவன் ஓட்டி வந்தான். அவள் பார்த்தாள். அவனிடமே நீட்டினாள். இருவரும் அந்தச் சுண்டுவிரல் நீள இரும்பையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நன்றாக வறுத்த ராகி.

சத்தம் கேட்டு ஒருநாள் சின்னுசாமியே வந்தார். சார்ப்புக்கு வெளியே குடையோடு நின்றார்.

"ஏன்டா காளி, வண்டியில கட்ட ஏத்திக் கொண்டாந்து போட்டா நான் தோளு கூப்புடுவேன்னு நெனப்பா?"

"வண்டியில ஏத்தலீங்ண்ணா. என்ற தோள்லதான் கட்டு இருக்கும். நான் வண்டி மேல இருப்பேன்."

சின்னுசாமி பெரிய பல்சக்கரத்தைப் பார்த்தார். அது எதற்கென்று அவருக்குத் தெரியாது. கோயில் மரத்தடியில் கூவிக் கூவி நின்ற வண்டிதான் அவர் கண்ணில் இருந்தது. அந்தத் தைரியத்தில் தாராளமாகப் பேசினார்.

"நானொண்ணும் ஆகாதுன்னு சொல்லல சாமி. கட்டு உன்ற தோள்ல இருக்கோணும். மண்ணுல படக்கூடாது. ஆத்தாகிட்டச் சத்தம் கூடாது. இது மூணுந்தான் கணக்கு. வண்டிய நான் கணக்குலயே எடுத்துக்க மாட்டேன். அது உனக்கு ஊனுகோலு, அவ்வளவுதான்."

"சொன்ன சொல்லு மறந்துராதீங்க மாமா" என்றாள் பொன்னம்மாள்.

"நான் எதுக்குக் கண்ணு மறக்கறேன்?"

கார்த்திகை பிறந்து பத்தாம் நாள் அறுப்பு. இரவெல்லாம் பனி பெய்து பாறை வழுவழுவென்று கிடந்தது. காலையில் வெயில் ஏறும்வரை பொறுத்திருக்கலாம் என்றான் காளியண்ணன். ஆனால் வெயில் ஏறுவதற்குள் களத்துக்கு வருவதுதான் முறை. முதல் கட்டைப் பொன்னம்மாளே அறுத்தாள், அவளே கட்டினாள். வண்டியில் உட்கார்ந்திருந்தவன் முதுகில் ஏற்றி, இரண்டு தோளிலும் கயிறு கொடுத்து, மார்பில் முடிச்சுப் போட்டாள். சைலன்சர் சூட்டில் தாள் பற்றிக்கொள்ளாமல் இருக்க அதன்மேல் நனைத்த சாக்கைச் சுற்றினாள். பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உதைத்தாள். வண்டி கிளம்பியது.

கீழ்ப்பாதி ஏற்றத்தை வண்டி ஒரு வார்த்தை பேசாமல் ஏறியது. வேகமெல்லாம் இல்லை. பொன்னம்மாள் பக்கத்திலேயே ஏறினாள், வண்டியும் அவளும் ஒரே நடை. மேலிருந்து பார்த்தவர்களுக்கு ஒரு தாள்போர் தானாக மலையேறுவது போல் இருந்ததாம்.

முதல் நாவல் மரம். காளியண்ணன் எஞ்சினை அணைத்தான். பொன்னம்மாள் பின்னால் போய்க் கை கொடுத்தாள். நாற்பது அடி. அவன் இடது காலால் உந்த, அவள் தள்ள, கல்லாத்தா முன்னால் சத்தமில்லாமல் போனது வண்டி. அவள் கல்லைப் பார்த்தாள். கும்பிடவில்லை. 'நீ வெச்ச சட்டமா இது? நீயும் பொம்பளதானே?' என்று மனசுக்குள் கேட்டுவிட்டுத் தள்ளினாள்.

இரண்டாவது மரம். இடது கை பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டான் காளியண்ணன். அவள் வெறுங்காலால் உதைத்தாள். கிளம்பவில்லை. மறுபடி. இல்லை. மூன்றாவது உதையில் கம்பி திரும்பி வந்து உள்ளங்காலில் அடித்தது. மேலே களத்து ஓரத்தில் சனம் மொத்தமும் நின்றது. சின்னுசாமி துண்டைத் தோளிலிருந்து எடுப்பது தெரிந்தது.

"எஞ்சின்ல பெட்ரோல் நெறைஞ்சுபோச்சு புள்ள."

"பெட்ரோல் டேப்ப மூடுங்க. ஆக்சிலேட்டர முழுசாத் திருகிப் புடிங்க."

மூடினான், திருகினான். அவள் நான்கு உதை உதைத்தாள். பொக்கென்று ஒரு புகை வந்தது. டேப்பைத் திறந்துவிட்டு, இரண்டு கையாலும் சீட்டைப் பிடித்துக்கொண்டு, இரண்டு வருஷத்துக் கோபத்தையும் குதிகாலில் வைத்து ஒரு உதை உதைத்தாள். பிடித்துக்கொண்டது.

முதல் கியர். கிளச்சை மெதுவாக விட்டான். வண்டி ஒரு முறை குலுங்கியது. பின் டயர் பாசியில் வழுக்கிச் சுற்றியது, வழுக்கியது, பாறையைக் கண்டுபிடித்தது, கவ்வியது. பொன்னம்மாள் பின்னால் தோளைக் கொடுத்து முட்டினாள். சேறு அவள் முகத்திலும் மார்பிலும் அடித்தது. தடதடவென்று ஒரே குரலில் இழுத்தது வண்டி, எருமைதான். பத்தடிக்குப் பிறகு அவள் கைக்கு எட்டாமல் போய்விட்டது. நீலப் புகைக்குள் கட்டு மட்டும் தெரிந்தது, ஆடிக்கொண்டே மேலே மேலே போனது. அவளுக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே ஓடினாள்.

அவள் களத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது கட்டு களத்தின் நடுவில் கிடந்தது. காளியண்ணன் வண்டியிலிருந்து இறங்காமல் ஒற்றைக்காலை ஊன்றி உட்கார்ந்திருந்தான், மார்பில் கயிறு அறுத்த தடம். சின்னுசாமி இன்னும் கூப்பிடவில்லை.

"மரத்தடியில பொம்பள கை பட்டுருச்சே காளி. அவ தள்ளித்தானே ஏறுச்சு. ஊரே பாத்துச்சு."

பொன்னம்மாள் முகத்துச் சேற்றை வழித்து எறிந்தாள்.

"ஏத்தத்துல நான் கட்டத் தொட்டனுங்களா மாமா? வண்டியத்தான் தள்ளுனேன். வண்டி கணக்குல வராதுன்னு எங்க ஊட்டு வாசல்ல நின்னு சொன்னது யாருங்க?"

களத்து ஓரத்தில் சென்னம்மாள் என்ற வாயாடி முதலில் சிரித்தாள். பிறகு அர்த்தனாரி சிரித்தான். சிரிப்பு பரவுவதைப் பார்த்துச் சின்னுசாமி தொண்டையைச் செருமினார். தன் வாயால் சொன்ன சொல் தன் கழுத்திலேயே விழுந்தபிறகு வேறு என்ன செய்வது.

"பள்ளக்காடு, காளியண்ணன் தோளு!"

அவ்வளவுதான். காடு கைமாறாமல் நின்றது. சனம் காளியண்ணனைச் சூழ்ந்தது, பையன்கள் சூடான சைலன்சரைத் தொட்டுவிட்டுக் கையை உதறினார்கள். அந்தச் சத்தத்தில் பொன்னம்மாள் மறுபடி ஏற்றத்தில் இறங்கிப் போனதை யாரும் கவனிக்கவில்லை.

மற்ற காடுகளின் கட்டுகள் வந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றுக்கும் பேர் கூப்பிடப்பட்டது. முக்கால் மணி நேரம் கழித்து அவள் வந்தாள். தலையில் கட்டு. முதல் கட்டைவிடப் பெரிசு. களத்தின் நடுவில் வந்து நின்றாள். கட்டைக் கீழே போடவில்லை.

"எறக்கு கண்ணு" என்றார் சின்னுசாமி. "எதுக்குச் சொமந்துட்டு நிக்கறே?"

"கூப்புடுங்க மாமா. கூப்புட்டா எறக்கறேன்."

"அதான் கூப்புட்டாச்சே. காடு உங்களதுதான்."

"அது அவரு கட்டுக்கு. இது என்ற கட்டு. போன வருசமும் நின்னேன், அதுக்கு முந்தின வருசமும் நின்னேன். நீங்க வானத்தப் பாத்தீங்க. இன்னைக்கும் பாருங்க. நான் நிக்கறேன்."

சின்னுசாமி உண்மையிலேயே மேலே பார்த்தார், வெயில்தான் இருந்தது. அவள் கழுத்து நரம்பு துடிப்பது எல்லாருக்கும் தெரிந்தது. உள்ளங்காலில் கம்பி அடித்த இடத்திலிருந்து கசிந்த ரத்தம் களத்து மண்ணில் ஒரு அச்சாகப் பதிந்திருந்தது. சென்னம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். எவ்வளவு நேரம் என்று யாரும் எண்ணவில்லை. பொன்னம்மாள் அசையவில்லை.

காளியண்ணன் வண்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். கோலை எடுக்கவில்லை. நீட்டிய காலை இழுத்து இழுத்து நடந்து, ஊர்க்கவுண்டர் மட்டுமே நிற்கும் கல்லின்மேல் இடது காலை வைத்தான். அந்தக் கல்லில் வேறொருவன் கால் வைத்து அந்த ஊர் பார்த்ததில்லை.

"டேய்" என்றார் சின்னுசாமி.

காளியண்ணன் அவர் பக்கம் திரும்பவே இல்லை. கீழே ஓடைக்கரைக்கும் கேட்கும்படி, மரத்திலிருந்து விழுந்த நாளுக்குப் பிறகு அவனிடமிருந்து வராத குரலில் கூப்பிட்டான்.

"பள்ளக்காடு, பொன்னம்மா தோளு!"

அவள் கட்டை இறக்கினாள்.